வீட்டு வெளிவிளக்குகளுக்கு உள்ளாட்சிக் கட்டுப்பாடு

வீட்டு வாசல், மொட்டைமாடி, தோட்டம், மதிற்சுவர், வண்டி நிறுத்துமிடம் முதலிய இடங்களில் மாட்டப்படும் விளக்குகள் எவ்வளவு ஒளி தரலாம், எந்தப் பக்கம் நோக்கி எரியலாம், இரவில் எப்போது அணைய வேண்டும் என்பனவற்றை நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் விதி வகுத்து நெறிப்படுத்துவதே வீட்டு வெளிவிளக்குக் கட்டுப்பாடு ஆகும். தெருவிளக்கு உள்ளாட்சியின் சொந்தச் சொத்து. அதை மாற்ற ஒரு தீர்மானம் போதும். வீட்டு விளக்கோ தனியார் இடத்தில், தனியார் செலவில், அந்த வீட்டாரின் பாதுகாப்புக்காக எரிவது. ஆனாலும் அதன் ஒளி மதிற்சுவரோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குள்ளும் போகிறது, வானத்துக்கும் போகிறது. ஒருவருடைய வாசல் விளக்கில் ஊர் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது.

இத்தகைய விதிகளில் மிகப் பழமையானவையும் மிகவும் விரிவானவையும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்தவை. அங்குள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் அனுபவமே இக்கட்டுரையின் மையம். ஒப்பீட்டுக்காக இங்கிலாந்தும் புளோரிடாவும் பின்னர் வருகின்றன.

ஒளி எங்கே போகிறது?

விதிகளைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சாதாரண வாசல் விளக்கைக் கவனிக்க வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 800 லூமன் ஒளி தரும். லூமன் என்பது ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. அந்தப் பல்பை உருண்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துத் தூணின் மேல் மாட்டினால், ஒளி எல்லாத் திசைகளிலும் பரவும். கிட்டத்தட்டப் பாதி ஒளி கிடைமட்டத்துக்கு மேலே போய்விடுகிறது. நடப்பவருக்கும் உதவாது, வாசலில் நிற்பவரை அடையாளம் காணவும் உதவாது. மின்கட்டணத்தில் மட்டும் அந்தப் பாதியும் சேர்ந்தே வரும்.

மீதியிலும் ஒரு பங்கு பக்கவாட்டில் போகிறது. மறைப்பில்லாத அந்த 800 லூமன் விளக்கு, 10 மீட்டர் தள்ளியுள்ள பக்கத்து வீட்டுச் சன்னலில் ஏறக்குறைய 0.6 லக்ஸ் வெளிச்சத்தை விழச் செய்யும். தெளிவான வானத்தில் முழுநிலவு தருவது அதிகபட்சம் 0.3 லக்ஸ் அளவே. அதாவது ஒரு சாதாரண வாசல் விளக்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவு முழுவதும் இரண்டு நிலவுகளைக் காட்டுகிறது. ஒரே திசையில் ஒளியைக் குவிக்கும் ஃபிளட் லைட்டின் கணக்கு இதைவிடப் பல மடங்கு.

இதனால் எழும் தொல்லைகளை விதிகள் மூன்றாகப் பிரித்துப் பார்க்கின்றன. விளக்கு நேரடியாகக் கண்ணில் படுவதால் வரும் கண்கூச்சம் ஒன்று. அடுத்தவர் இடத்துக்குள் ஒளி புகும் ஒளி அத்துமீறல் மற்றொன்று. மூன்றாவதே மிகத் தொலைவுக்குப் போவது: மேலே சென்ற ஒளி காற்று மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, ஊருக்கு மேல் வெளிறிய குடைபோல் கவிந்துகொள்ளும் வான் ஒளிர்வு. நகரங்களில் விண்மீன்கள் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

வான் ஒளிர்வில் பலரும் எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு. நேர் செங்குத்தாக மேலே போகும் ஒளி, காற்று மண்டலத்தைக் குறுகிய வழியில் கடந்து விண்வெளிக்குப் போய்விடும். கிடைமட்டத்துக்குச் சற்று மேலாகச் சாய்ந்து செல்லும் ஒளிதான் அடர்ந்த கீழ்க்காற்றில் நெடுந்தொலைவு பயணம் செய்து, வழியெல்லாம் சிதறி, பல கிலோமீட்டர் தள்ளியுள்ள வானத்தையும் வெளுக்கச் செய்கிறது. சுவரில் சற்றே அண்ணாந்தபடி மாட்டிய ஃபிளட் லைட் அனுப்புவது பெரும்பாலும் இந்த ஒளியைத்தான்.

நிறமும் முக்கியம். காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. பகல் வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். 450 நானோமீட்டர் நீல ஒளி, 590 நானோமீட்டர் மஞ்சள் ஒளியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறும். ஒளி அளவு ஒன்றே ஆனாலும், நீலம் கலந்த வெண்ணிற விளக்கு மஞ்சள் விளக்கைவிட வானத்தை அதிகம் கெடுப்பது இதனாலேயே.

ஒரு சர்ச்லைட்டில் தொடங்கிய கதை

ஃபிளாக்ஸ்டாஃப், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பைன் காடுகளுக்கு நடுவே அமைந்த நகரம். 1894இல் பெர்சிவல் லோவெல் அங்கே ஒரு குன்றின் மேல் வானாய்வகம் அமைத்தார். வெஸ்டோ சிலிஃபர் 1912இல் ஆண்டிரோமெடா விண்மீன் கூட்டத்தின் வேகத்தை அளந்தது அங்கேதான். கிளைட் டாம்பா 1930இல் புளூட்டோவைக் கண்டறிந்ததும் அங்கேதான். 1955இல் அமெரிக்கக் கடற்படை வானாய்வகமும் நகருக்கு வெளியே ஒரு நிலையத்தைத் தொடங்கியது. இருண்ட வானம் அந்த ஊருக்குப் பெருமை மட்டுமல்ல, தொழிலும்கூட.

1950களில் அமெரிக்க வணிகர்களிடையே ஒரு விளம்பர உத்தி பரவியிருந்தது. கடை திறப்பு விழா என்றால் வாசலில் பெரிய சர்ச்லைட்டை நிறுத்தி வானத்தைத் துழாவுவார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் அந்த ஒளிக்கற்றையைத் தேடி வருவார்கள். மங்கலான விண்மீன்களைப் பதிவு செய்ய ஒளித்தட்டைப் பல மணி நேரம் திறந்து வைத்திருக்கும் வானியலாளருக்கு, அப்படி ஒரு கற்றை குறுக்கே வந்தால் அந்த இரவின் உழைப்பு வீண். 1958இல் நகர மன்றம் விளம்பரச் சர்ச்லைட்டுகளைத் தடை செய்தது. வானத்தைக் காக்க ஓர் உள்ளாட்சி இயற்றிய முதல் விதியாக இது பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

சர்ச்லைட்டைத் தடை செய்வது எளிது. ஊரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், யாருக்கும் அது அன்றாடத் தேவையும் அல்ல. நகரம் வளர வளர வானத்தை வெளுக்கச் செய்தவை ஆயிரக்கணக்கான சிறு விளக்குகள். அவற்றில் எந்த ஒன்றையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது என்பதே இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். அதே மாநிலத்தின் தெற்கே, கிட் பீக் தேசிய வானாய்வகத்துக்கு அருகிலுள்ள டூசான் நகரமும் அதைச் சூழ்ந்த பிமா கவுன்டியும் இதே சிக்கலை எதிர்கொண்டு 1972இல் பொதுவான வெளிவிளக்கு விதிகளை இயற்றின. விளக்குகளுக்கு மறைப்பு வேண்டும் என்ற கருத்து அவற்றால் பரவியது.

மறைப்பு போதாது, மொத்தமும் வேண்டும்

முழு மறைப்புள்ள விளக்கு என்றால், கூட்டின் அடிப்பகுதிக்கு மேலே ஒளி சிறிதும் கசியாத விளக்கு. பல்பு கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தரை தெரியும், பல்பு தெரியாது. சரியான விளக்கா என்று பார்க்கப் பொறியாளர் தேவையில்லை. தெருவில் நின்று பார்த்தால் போதும். உள்ளாட்சி ஊழியருக்கு இது பெரிய வசதி.

ஆனால் தரையில் பட்ட ஒளியும் ஓரளவு மேலே திரும்புகிறது. சிமெண்ட் தளம், பனி, வெள்ளைச் சுவர் எல்லாம் ஒளியைப் பிரதிபலிக்கும். எல்லா விளக்குக்கும் மறைப்புப் போட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் வானம் மறுபடியும் வெளுக்கும். 1989இல் ஃபிளாக்ஸ்டாஃப் நகரமும் அது அமைந்துள்ள கோகோனினோ கவுன்டியும் இதற்கு விடையாக ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தன. ஓர் ஏக்கர் நிலத்தில் மொத்தம் இத்தனை லூமனுக்கு மேல் வெளியொளி கூடாது என்றன. வானாய்வகங்களுக்கு மிக அருகிலுள்ள பகுதியில் ஏக்கருக்கு 25,000 லூமன். அடுத்த பகுதியில் 50,000. மற்ற இடங்களில் 100,000. இவை வணிகக் கட்டடங்களுக்கான அளவுகள்.

வீட்டுக்கு ஏக்கர்க் கணக்கு சரிவராது. கால் ஏக்கரில் உள்ள வீட்டுக்கும் ஐந்து ஏக்கரில் உள்ள வீட்டுக்கும் வாசல் ஒன்றுதானே. அதனால் தனி வீடுகளுக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்ற தனி உச்சவரம்பு வைக்கப்பட்டது. இந்த முறையின் நயம் என்னவென்றால், எங்கே விளக்கு வைப்பது என்று நகராட்சி சொல்வதில்லை. மாதச் சம்பளத்தைப் போல ஒரு மொத்த அளவைக் கையில் கொடுத்துவிடுகிறது. வாசலுக்கு எவ்வளவு, கொல்லைக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது வீட்டாரின் விருப்பம்.

சில சலுகைகளும் இத்தகைய விதிகளில் வழக்கமாக உண்டு. ஆள் நடமாட்டத்தை உணர்ந்து சில நிமிடம் மட்டும் எரியும் விளக்குகளுக்கு நிபந்தனைகள் தளர்த்தப்படும். பண்டிகைக் காலச் சர விளக்குகளுக்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு விலக்கு இருக்கும். கிறிஸ்துமஸ் விளக்குக்கு அபராதம் விதித்த நகர மன்றம் அடுத்த தேர்தலைச் சந்திக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். இரவில் கொடி பறந்தால் அதன் மேல் ஒளி விழ வேண்டும் என்ற அமெரிக்க மரபையும் விதிகள் கணக்கில் கொள்கின்றன. கொடிக்கம்பத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் இது இன்னும் பொருத்தம்.

1988இல் டூசானில் தொடங்கப்பட்ட பன்னாட்டு இருள்வான் சங்கம், 2001 அக்டோபரில் ஃபிளாக்ஸ்டாஃபை உலகின் முதல் பன்னாட்டு இருள்வான் நகரமாக அறிவித்தது. ஏறத்தாழ 75,000 பேர் வாழும் ஊர் அது. தெருவிளக்குகள், கடைகள், பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு. இருந்தும் நகருக்குள்ளிருந்தே பால்வீதியைப் பார்க்க முடிகிறது.

வாட் கணக்கு தோற்ற கதை

பல ஊர்களின் பழைய விதிகள் ஒளியை வாட் கணக்கில் வரையறுத்திருந்தன. குண்டு பல்பு காலத்தில் அது தவறில்லை, வாட் கூடினால் ஒளி கூடும். எல்இடி வந்ததும் அந்தக் கணக்கு கவிழ்ந்தது. வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்இடி இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது. 60 வாட்டுக்கு மேல் கூடாது என்ற விதியை மீறாமலே ஒருவர் 6,000 லூமன் எல்இடியை வாசலில் மாட்டலாம். பழைய பல்பைப் போல ஏழெட்டு மடங்கு ஒளி. விதிப்படி குற்றமும் இல்லை. லூமனில் எழுதிய விதிகள் மட்டுமே தாக்குப்பிடித்தன.

எல்இடியின் மின் சிக்கனமே இன்னொரு வகையில் எதிராக வேலை செய்கிறது. விளக்கை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்த மின்கட்டணம் சுருங்கிவிட்டதால், முன்பு இரண்டு மணி நேரம் எரிந்த விளக்கு விடியும்வரை எரிகிறது. உலகெங்கும் தன்னார்வலர்கள் வெறுங்கண்ணால் எண்ணிய விண்மீன்களின் பதிவுகளை வைத்து 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 2011 முதல் 2022 வரை இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு பிரகாசமாகி வந்ததாகக் கணக்கிட்டது. 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தை, இந்த வேகம் நீடித்தால், 18 வயதில் அதே இடத்தில் 100 விண்மீன்களையே காணும்.

புதிய விதிகள் இதனால் நிறத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. ஒளியின் நிறவெப்பம் கெல்வினில் குறிக்கப்படும். எண் கூடக் கூட நீலம் கூடும். வீட்டு வெளிவிளக்கு 3,000 கெல்வினுக்கு மேல் போகக் கூடாது என்பது பல ஊர்களில் காணப்படும் வரம்பு. இன்னும் கண்டிப்பான ஊர்கள் 2,700 அல்லது 2,200 என்கின்றன. கடைகளில் ‘கூல் வைட்’, ‘டே லைட்’ என்று விற்கப்படுபவை 4,000 முதல் 6,500 கெல்வின் வரையிலானவை. அவை இந்த வரம்பைத் தாண்டிவிடுகின்றன.

பக்கத்து வீட்டுக்காரரின் புகார்

அரிசோனா விதிகள் வானத்தை முன்வைத்து எழுந்தவை. விளக்கு மாட்டும்போதே எது கூடும், எது கூடாது என்று சொல்பவை. இங்கிலாந்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. அங்கே 2005இல் நிறைவேறிய தூய்மையான சுற்றுப்புறங்கள் மற்றும் சுற்றுச்சூழல் சட்டம், ஒரு வளாகத்திலிருந்து வெளிவரும் செயற்கை ஒளி உடல்நலத்துக்குக் கேடாகவோ தொல்லையாகவோ இருந்தால் அதைச் சட்டப்படியான தொல்லை ஆக்கியது. இரைச்சலுக்கும் புகைக்கும் இருந்த அதே தகுதி, 2006 முதல் ஒளிக்கும் கிடைத்தது.

நடைமுறை இப்படி: பக்கத்து வீட்டு ஃபிளட் லைட்டால் தூங்க முடியவில்லை என்று ஒருவர் உள்ளூர் மன்றத்தில் புகார் செய்தால், மன்றம் விசாரித்தே ஆக வேண்டும். இத்தனை லக்ஸுக்கு மேல் குற்றம் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் எரிகிறது, எத்தனை முறை, சுற்றுப்புறம் எப்படிப்பட்டது, இயல்பான ஒரு மனிதருக்கு இது பொறுக்க முடியாததா என்று அதிகாரி தீர்மானிக்கிறார். தொல்லை என்று உறுதியானால் அதை நிறுத்தும்படி அறிவிக்கை வரும். 21 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். செய்யாமலும் இணங்காமலும் இருந்தால் குற்றம்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. புகார் செய்ய ஆள் வேண்டும். தூக்கம் கெட்ட மனிதர் புகார் செய்வார்; வானத்துக்காக அப்படிப் புகார் செய்ய யாருக்கும் இடமில்லை. விமான நிலையம், துறைமுகம், ரயில் வளாகம், சிறைச்சாலை போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு. அண்டை வீட்டார் சண்டையைத் தீர்க்கும் கருவியாக இது நன்றாக இருக்கிறது. ஒளி மாசைக் குறைக்கும் கருவியாகச் சொல்லத் தக்கதல்ல.

புகார் செய்ய முடியாதவை

மனிதர் அல்லாத ஒன்றை முன்வைத்து வீட்டு விளக்கில் தலையிட்ட இடம் புளோரிடா. அதன் கடற்கரைகளில் ஆமைகள் முட்டையிடுகின்றன. இரவில் மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சம் அதிகமுள்ள தாழ்ந்த தொடுவானத்தை நோக்கி நகரும். இயற்கையில் அது கடல்; கரை இருண்டிருக்கும். கரையில் வீட்டு விளக்கு எரிந்தால் குஞ்சுகள் திசைமாறிச் சாலைக்குப் போய் வண்டிகளில் நசுங்கும், அல்லது விடியலில் வெயிலில் காய்ந்து சாகும்.

1993இல் மாநில அரசு உள்ளாட்சிகளுக்கு ஒரு மாதிரி விதியை வகுத்துத் தந்தது; கடலோரக் கவுன்டிகளும் நகரங்களும் அதைத் தழுவித் தத்தம் விதிகளை அமைத்துக்கொண்டன. பருவம் இடத்துக்கேற்ப மார்ச் அல்லது மே மாதம் தொடங்கி அக்டோபர் இறுதி வரை. கடற்கரையிலிருந்து பார்த்தால் விளக்கு தெரியக் கூடாது. தவிர்க்க முடியாத விளக்கு தாழ்வாகவும் மறைப்போடும் இருக்க வேண்டும். ஆமைகளை அதிகம் ஈர்க்காத நீள் அலை ஆம்பர் நிறமாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் எரியும் விளக்கையும் இந்த விதி விடுவதில்லை. கடல் பார்த்த புதிய சன்னல்களில் உள்ளிருந்து வெளியே 45 விழுக்காட்டுக்கு மேல் ஒளி போகாத நிறக்கண்ணாடி வேண்டும் என்கிறது மாதிரி விதி. தமிழகக் கரைக்கும் இது அந்நியமல்ல. சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகளும் இதே போல நகர வெளிச்சத்தால் திசைமாறுகின்றன. தன்னார்வ மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருட்டும் பயமும்

எந்த ஊரில் இந்த விதி வந்தாலும் முதலில் எழும் எதிர்ப்பு ஒன்றே: திருடன் வந்தால்? இது ஒதுக்கித்தள்ளக் கூடிய கேள்வி அல்ல. தனியாக வாழும் முதியவருக்கு எரியும் விளக்கு தரும் தைரியம் உண்மையானது.

ஆனால் அதிக வெளிச்சமும் நல்ல பார்வையும் ஒன்றல்ல. கண்ணை நோக்கி எரியும் ஃபிளட் லைட், கண்மணியைச் சுருங்கச் செய்து, அதன் பின்னாலுள்ள நிழலை முழு இருட்டாக்கிவிடுகிறது. மறைந்து நிற்க விரும்புபவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. விளக்கின் முன் கையால் கண்ணை மறைத்துப் பார்த்தால் நிழலில் இருப்பது தெரியவரும். மறைப்பு செய்வதும் அதே வேலைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகள் தெருவிளக்குகளை அணைத்தும் குறைத்தும் செய்த மாற்றங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அதனால் குற்றங்களோ விபத்துகளோ கூடியதற்குச் சான்று இல்லை என்றது. அது தெருவிளக்கு பற்றியது, வீட்டு விளக்கு பற்றியதல்ல. எனினும் வெளிச்சம் குறைந்தாலே குற்றம் பெருகும் என்ற எண்ணத்தை அது அசைக்கிறது.

விதிகளும் விளக்கை அணைக்கச் சொல்வதைவிட, ஆள் வந்தால் எரியும் விளக்கையே பெரிதும் ஊக்குவிக்கின்றன. இரவு முழுக்க எரியும் விளக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திடீரென எரிந்தால் பார்ப்பார்கள்.

யார் பார்க்கப் போகிறார்கள்?

விதி இயற்றுவது பாதி வேலை. வணிகக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி தரும்போதே விளக்குகளின் பட்டியலைக் கேட்டு லூமனைக் கூட்டிப் பார்க்க முடியும். புதிய வீட்டுக்கும் ஓரளவு அது நடக்கும். பழைய வீட்டில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் ஒரு ஃபிளட் லைட் வாங்கி வந்து தானே மாட்டினால் யாருக்கும் தெரியாது. ஆகவே பெரும்பாலான ஊர்களில் நடவடிக்கை புகாரில்தான் தொடங்குகிறது. விதிக்கு முன்பே மாட்டிய விளக்குகளைப் பழுதாகும்வரை விட்டுவைக்கும் சலுகையும் பரவலாக உண்டு. அதனால் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அபராதத்தைவிட, முதலில் ஒரு விளக்கக் கடிதம் அனுப்புவது அதிகம் பயன் தருவதாகத் தெரிகிறது. தன் விளக்கு அடுத்த வீட்டுக்குள் எப்படி விழுகிறது என்பதைப் பெரும்பாலானோர் அங்கே போய்ப் பார்த்ததே இல்லை.

ஃபிளாக்ஸ்டாஃப் இப்போது சந்திப்பது வேறொரு சிக்கல். நீண்டகாலம் அந்த நகரம் தாழ்அழுத்த சோடியம் விளக்குகளை நம்பியிருந்தது. அவற்றின் ஒளி ஏறத்தாழ முழுவதும் 589 நானோமீட்டர் என்ற ஒரே மஞ்சள் நிறத்தில் அடங்குவதால், வானியலாளர்கள் அதை வடிகட்டி விலக்கிவிட முடியும். அதன் கீழே சிவப்பு வண்டியும் பச்சை வண்டியும் ஒரே மாதிரி தெரியும் என்பது வேறு கதை. எல்இடி அலையில் அந்த விளக்குகளின் உற்பத்தி உலகச் சந்தையில் நின்றுபோனது. அதற்கு மாற்றாக, மிகக் குறுகிய அலைநீளப் பரப்பில் எரியும் ஆம்பர் எல்இடிகளை நகரம் சோதித்துத் தெருவிளக்குகளுக்குத் தேர்ந்தெடுத்தது. தெருவிளக்கை நகரமே வாங்குகிறது. சிறப்பு வகை விளக்கைக் கேட்டு வாங்க அதனால் முடியும். வீட்டுக்காரர் வாங்குவது கடை அலமாரியில் இருப்பதை. அங்கே ஆம்பர் விளக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் வெள்ளை விளக்குகள் வரிசையாக அடுக்கியிருக்கும், விலையும் குறைவாக.